வைஃபை இப்போது அறுந்துபோவதில்லை, வினு

பிரியமுள்ள மக்கா வினு,

அக்கா எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கழக்கூட்டம் ஊரில் நீ கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்த காலத்திலும் நமக்குள் போன்தான். எதைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது. உன்னைத் தெரிந்தவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் வைக்கிறேன்.

அம்மா சுகமாக இருக்கிறாள். முட்டுவலி உண்டு, மருந்து தின்ன மடி, சொன்னாலும் கேட்பதில்லை. நீ நட்ட ரம்புட்டான் முதல்முறையாகக் காய்த்தது. பாதியை வவ்வால் கொண்டுபோனது. மீதியை அம்மா யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு அழுகப்போகிறது என்று தெரிந்ததும் ஒரே நாளில் அயல்வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். நான் நெய்யாற்றின்கரை வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு ஆரியங்கோட்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். உன் அறையில் நான் படுப்பதில்லை. வேலை மட்டும் அங்கே இருந்து பார்க்கிறேன்.

வேலை பழையதுதான். மலையாள சீரியல்களின் வசனத்தைத் தமிழாக்கி சென்னைக்கு அனுப்புவது. "எக்கா, நமக்குத் தமிழும் முழுசாத் தெரியாது, மலையாளமும் முழுசாத் தெரியாது. நீ எப்பிடி ஒண்ண மத்ததா ஆக்குத?" என்று கேட்டுச் சிரிப்பாயே, அதே வேலை.

துலாவருஷ மழையில் ஒரு மதியம் இடி விழுந்தது. சார்ஜில் போட்டிருந்த என் மடிக்கணினி அதோடு போயிற்று. வேறு வழியில்லாமல் அம்மாவிடம் உன்னுடையதைக் கேட்டேன். அலமாரியில் உன் நீலச் சட்டைக்குள் பொதிந்து வைத்திருந்தாள். எடுத்துத் தந்தவள், கையை அதன்மேலிருந்து எடுக்காமல் சொன்னாள்.

"எடுத்துக்கோ. ஆனா உள்ள இருக்கத ஒண்ணையும் மாத்தாண்டாம், கேட்டியா."

பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஒருமுறை நீ அலுவலகத்தில் இருந்து போனில் சொல்லி ஒரு கோப்பை அனுப்பச் சொன்னாய். அது மாறாமல் இருந்தது. திறந்ததும் நீ எழுந்து சாயா குடிக்கப் போன மாதிரி எல்லாம் அப்படியே கிடந்தது. பாதியில் நிறுத்திய ஒரு பாட்டு, பூவார் பொழிமுகத்துக் கடற்கரையில் உன் கூட்டாளி பிஜுவோடு எடுத்த படம். லினக்ஸ் எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இரண்டு நாளில் கை பழகிவிட்டது. வைஃபைதான் பழகவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். சென்னைக்காரர்களோடு கூட்டம் நடக்கும்போது ஒருவர் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நிற்பார். பார்த்தால் வைஃபை அடையாளமே இருக்காது. இந்தக் கணினியில் அப்படி ஒரு பொருளே இல்லை என்று அது சொல்லும். அணைத்துப் போட்டால் திரும்ப வரும். அன்றைக்கே மறுபடி போகும்.

இணைய இணைப்புக்காரரைக் கூப்பிட்டேன். அவர் தன் பெட்டியில் குறையில்லை என்றார். அது உண்மைதான், அதே நேரத்தில் போனில் எல்லாம் வேலை செய்தது. பிறகு பாறசாலைக்கு, பிஜுவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்டேஷன் ரோட்டில் இப்போது இரண்டு ஷட்டர் கடை வாடகைக்கு எடுத்திருக்கிறான். உன் மடிக்கணினியைக் கண்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எதையோ தேடுகிற மாதிரி நின்றான். பிறகு வந்து பார்த்தான்.

"சேச்சி, இந்தக் கோளாறு இப்பிடி நிக்காது. நான் முழுசும் தொடச்சிட்டு வேற சிஸ்டம் போட்டுத் தாறேன். அவனுக்க பைல் எல்லாம் தனியா எடுத்து வைக்கலாம். ஒண்ணும் போவாது."

"அவன் வச்சது மாதிரியே இருக்குமா?"

"அது பின்ன எப்பிடி இருக்கும்?"

நான் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பிஜு சொன்னதில் தப்பில்லை. படங்களும் பாட்டுகளும் எங்கே வைத்தாலும் படங்களும் பாட்டுகளும்தான். ஆனால் உன் கணினியில் கட்டளை எழுதுகிற அந்தக் கறுப்புச் சாளரத்தைத் திறந்தால் முதல் வரியாக, "எலே வினு, சாயா குடிச்சாச்சா?" என்று வருகிறது. நீயே உனக்காக எழுதி வைத்திருக்கிறாய். இதையெல்லாம் எந்தக் கோப்பு என்று சொல்லி பிஜுவிடம் எடுக்கச் சொல்வேன்? இன்னும் எங்கெங்கே என்னென்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதே.

ஆகையால் நானே பார்ப்பது என்று உட்கார்ந்தேன். வைஃபை போகும்போதெல்லாம் அந்தச் சாளரத்தைத் திறந்து, கணினி தனக்கு நடந்ததை எழுதிவைக்கும் பதிவைப் படித்தேன். முதலில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. வசனம் எழுதுகிறவளுக்குப் பழக்கம் ஒன்று உண்டு, புரியாவிட்டாலும் திரும்பத் திரும்ப வாசிப்பது. அப்படி வாசித்ததில் ஒவ்வொருமுறையும் ஒரே மூன்று வரி வருவது தெரிந்தது. ஃபெர்ம்வேர் செயலிழந்தது. அட்டையைத் திரும்பத் தொடங்குகிறேன். முடியவில்லை. ஃபெர்ம்வேர் என்பது வைஃபை அட்டையின் உள்ளேயே ஓடுகிற சின்ன நிரல் என்று தேடித் தெரிந்துகொண்டேன். கணினிக்குக் கேடில்லை. அட்டைக்குள் இருக்கிற அதுதான் மயங்கி விழுகிறது, எழும்ப மாட்டேன் என்கிறது.

மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக அட்டையை இடையிடையே தூங்க வைக்கிற ஓர் அமைப்பு உண்டு, அதை நிறுத்திப் பாருங்கள் என்று பலர் எழுதியிருந்தார்கள். நிறுத்தினேன். விழுவது குறைந்தது. நின்றுபோகவில்லை.

பிறகு அந்த மூன்று வரியை அப்படியே போட்டுத் தேடினேன். லினக்ஸுக்கு நிரல் எழுதுகிறவர்கள் பிழைகளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஒரு பக்கம் வந்தது. அதே அட்டை, அதே வரிகள். முறையிட்டவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: "இந்த வைஃபை நன்றாக வேலை செய்கிறது, பிறகு மீன் தின்ற பூனையைப் போலப் படுத்துக்கொள்கிறது. எழுப்பினால் என்னைத் தெரியாதது போல் பார்க்கிறது."

இன்னொருமுறை வாசித்தேன். அப்படிச் சொல்கிறவன் ஒருவன்தான் உண்டு. மேலே பெயரைப் பார்த்தேன். நீ.

மாதக்கணக்கில் எழுதியிருக்கிறாய். அந்த அட்டையை இயக்குகிற டிரைவர் நிரலைக் கவனித்துக்கொள்ளும் யோஹான் என்ற ஒருவர் கேள்வி கேட்க, நீ பதில் சொல்ல. கடைசியில் அவர், பழைய ஃபெர்ம்வேரைப் போட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். நீ எழுதியது இவ்வளவுதான்: "நாளை செய்து சொல்கிறேன். இப்போது சின்னக் காய்ச்சல்."

எலிக்காய்ச்சல் என்று அப்போது யாருக்குத் தெரியும்? உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அடுத்த வாரம் மெடிக்கல் காலேஜில் இருந்து உன்னைக் கொண்டுவந்தோம்.

அதற்குக் கீழே யோஹான், அவசரமில்லை, குணமானதும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். சில மாதம் கழித்து, ஏதாவது தெரிந்ததா என்று. அதன்பிறகு எங்கெங்கோ இருந்து ஆட்கள், எங்களுக்கும் இதே தொல்லை, அந்த மனிதர் சோதித்தாரா என்று. எல்லோரும் உனக்காகக் காத்திருந்தார்கள் வினு. நாங்கள் மட்டுமில்லை.

அன்று முழுவதும் நான் ஒரு வசனமும் எழுதவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தில் எழுதினேன். என் தம்பி அந்தக் காய்ச்சலில் இறந்துவிட்டான், அவனுடைய கணினி என்னிடம் இருக்கிறது, எனக்கு இது படித்த வேலையில்லை, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்கிறேன் என்று.

யோஹான் பதில் போட நேரமெடுத்துக்கொண்டார். வந்த பதிலில், உன் முறையீடுகளைத் தன் மனைவிக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம் என்றும், பூனை அவர்கள் வீட்டில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது என்றும் இருந்தது. "செய்தி கேட்டு இருவரும் வருந்தினோம். உங்களுக்கு மனமிருந்தால் மட்டும் செய்யுங்கள்" என்று எழுதிவிட்டு, செய்ய வேண்டியதை வரிவரியாகக் கொடுத்திருந்தார்.

பழைய ஃபெர்ம்வேர் கோப்பை இறக்கி, புதியதை நகர்த்தி வைத்துவிட்டு அந்த இடத்தில் போட்டேன். பயத்தில் பிஜுவையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை, "ஆ, அதுதான் சேச்சி, எண்டர் அடி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். வைஃபை நிலைத்து நின்றது. விழவே இல்லை. எனக்கு அதுபோதும். ஆனால் யோஹானுக்குப் போதாது. பழையதைப் போடுவது தீர்வாகாது, புதியது ஏன் விழுகிறது என்று தெரிய வேண்டும், விழும் நேரத்தில் அட்டை கக்குகிற விவரம் முழுவதும் வேண்டும் என்றார். சிக்னல் குறைந்த இடத்தில்தான் விழுவதாக நீ சந்தேகப்பட்டிருந்தாயாம்.

எனவே விழுகிற அந்தப் புதியதையே திரும்பப் போட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே இறங்கினேன். அம்மா பின்னாலேயே குடையோடு வந்தாள்.

"எங்கப் போற இதத் தூக்கிக்கிட்டு?"

"இத விழ வைக்கணும் அம்மா."

"நல்லா கெடக்கத எதுக்கு விழ வைக்கணும்?"

"எப்பிடி விழுதுன்னு அவங்களுக்குத் தெரியாண்டாமா? அவன் செய்யாம விட்டதாக்கும்."

அம்மா குடையை விரித்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தோம். நான் திரையைப் பார்த்துக்கொண்டு, அவள் எனக்கும் கணினிக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு. ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் நின்று பார்த்தார்.

"விழுந்துதா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"அவன் இருந்தா இதுக்குள்ள விழுந்திருக்கும். அவன் கையில எது நின்னுது?" அம்மா சிரித்தாள். உன்னைச் சொல்லி அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

ரப்பர் ஷீட் அடிக்கும் எந்திரம் தாண்டியதும் விழுந்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து விவரத்தைச் சேமித்தேன். அம்மா குனிந்து எழுத்துகளைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுது?"

"விழுந்திட்டேன், எழும்பப் பாக்குதேன்னு சொல்லுது."

"எழும்பிச்சா?"

"இல்ல."

அவள் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். மழை இல்லை, ஆனாலும் மடக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம்.

அந்த விவரத்தில்தான் காரணம் இருந்தது. சிக்னல் குறையும்போது டிரைவர் நிரல் அட்டையை உறங்கவும் சொல்கிறது, அதே மூச்சில் வேறு சிக்னல் தேடவும் சொல்கிறது. இரண்டு கட்டளையும் ஒன்றாகப் போய்ச் சேரும்போது அது குழம்பி விழுகிறது. உன் சந்தேகம் சரிதான் மக்கா. யோஹான் திருத்தம் எழுதி, நான் போட்டுப் பார்க்க வசதியாக ஒரு கோப்பாகக் கட்டி அனுப்பினார். அதைப் போட்டால் கணினியின் அடிப்படையில் ஓடுவது நீ வைத்ததாக இருக்காது. அம்மாவிடம் கேட்டேன். கறிக்கு அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"அவனும் இதுதான செய்யப் பாத்தான்?"

"ஓம்."

"அப்போ செய்யி."

செய்தேன். கணினியோடு ரப்பர் தோட்டத்தின் மறு எல்லை வரை போனேன். சிக்னல் மெலிந்தது, போயிற்று, திரும்பி நடந்ததும் தானாக வந்தது. விழவில்லை. அந்த வாரம் சென்னைக் கூட்டம் முழுவதும் ஒருவரும் வாயைத் திறந்தபடி நிற்கவில்லை.

யோஹான் கடைசியாகக் கேட்டது ஒரு விஷயம். லினக்ஸில் ஒரு திருத்தம் சேரும்போது பிழையைச் சொன்னவர் பெயரும், சோதித்தவர் பெயரும் அதனோடு எழுதப்படும், உங்கள் இருவர் பெயரையும் எப்படி எழுத வேண்டும் என்று. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இங்கிலீஷிலயா?"

"இங்கிலீஷ்லயாக்கும்."

"அப்பாக்க பேரும் சேர்த்து எழுதச் சொல்லு. வெறும் வினுன்னா எத்தன வினு."

அப்படியே எழுதச் சொன்னேன். இப்போது அது சேர்ந்துவிட்டது. சொன்னவன் நீ, சோதித்தது நான், அப்பா பெயர் இருவருக்கும். பிஜு அதைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறான்.

ஒன்று சொல்லட்டுமா? கோளாறு இருந்தவரை நாளுக்குப் பலமுறை உன் சாளரத்தைத் திறந்தேன், பதிவைப் படித்தேன், நீ நடந்த வழியில் நடந்தேன். இப்போது திறக்கக் காரணமில்லை. சரியாகி, வேலை பார்த்துக்கொண்டு கிடக்கிறது. சரியாக வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன். பிறகு ஏன் அன்றைக்கு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்? நீ இருந்தால் இதற்கும் ஒரு பூனை வைத்திருப்பாய்.

அந்தப் பக்கத்தில் நேற்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். வேறு அட்டை, வேறு வரிகள், அவளுக்கும் இடையில் நின்றுபோகிறது. யாரும் இதுவரை பதில் சொல்லவில்லை. எனக்கும் தீர்வு தெரியாது. ஆனால் பதிவை எங்கே பார்ப்பது, எதை முதலில் நிறுத்திப் பார்ப்பது என்றாவது சொல்ல முடியும். உன்னைப் போலச் சிரிக்க வைத்து எழுத எனக்கு வராது. அம்மா சாப்பிட்டு உறங்கியதும் எழுதப்போகிறேன். அங்கே வந்து கேட்கிற ஒருவரையும், என் கண்ணில் பட்ட பிறகு, பதிலில்லாமல் காத்திருக்க விடமாட்டேன் மக்கா.

உன் எக்கா,
ஷீபா