சங்குக்குச் சேர்த்த ஹார்ன்

அன்புள்ள நண்பனுக்கு,

ஒழுங்கில்லாமல் எழுதினால் நீ சிரிப்பாய். ஆகவே முதலில் வரிசை:

1. உன் ஹார்ன் என் வீட்டுக்கு வந்தது.
2. நம் பேண்டில் இருந்தவர்களும் நம் சுருதியும்.
3. நீ பிடிவாதத்தால் பேண்டை விட்டு விலகியது.

இன்று காலை உன் மகள், நீ பேண்டில் ஊதிய ஹார்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவிழ்த்ததும் புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசனை. நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகியும் அது போகவில்லை.

நாம் சேர்ந்தபோது பேண்டில் எல்லோரும் தங்கச் சுரங்கத்து ஆட்கள். யாருக்கு எந்த ஷிப்ட் என்று பார்த்து ஆள் சேர்ப்பது, டைம் ஆபீசில் இருந்த என் வேலை. ஊர்வலம் கிளம்புமுன் ஷிப்ட் மாறும்போது சுரங்கத்தில் ஊதும் சங்குக்காகக் காத்திருப்போம். மாதா தேரானாலும் மாரியம்மன் கரகமானாலும் அந்தச் சங்கு ஊதும் சுருதிக்குத்தான் வாத்தியங்களைச் சேர்ப்போம். எனக்குப் பெரிய டிரம். "டிரம்மக்கூட பர்மிஷன் கேட்டுக்கினு அடிக்கிறான் பாரு" என்பாய்.

சுரங்கம் மூடியதும் சங்கும் நின்றது. சிலர் ஊரை விட்டுப் போனார்கள். சிலருக்கு ஊத மூச்சில்லை. அவர்கள் இடத்துக்கு, விடியலில் மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் வந்தார்கள். சங்குக்குப் பதில் நீ முதலில் ஊதுவாய். மற்றவர்கள் அதற்குச் சேர்ப்பார்கள்.

பிறகு கீபோர்டு வந்தது. உன் சுருதி அதைவிடச் சற்று உயரம்.

"அங்கிள், கொஞ்சம் எறக்கிக்கோங்க" என்றான் அதை வாசிப்பவன்.

"ஆயுசு பூரா சங்குக்கு ஊதனவன்டா நானு. உன் பொட்டிய ஏத்து!"

எல்லோரும் செயலாளரான என்னைப் பார்த்தார்கள். நான் பேண்டின் பதிவு நோட்டைப் பார்த்தேன்.

"இன்னா செக்ரட்டரி, வாயத் தொறக்கமாட்டியா?" என்று கேட்டுவிட்டு ஹார்னோடு எழுந்து போனாய். 'தானாக விலகினார்' என்று எழுதினேன். அதன்பின் எத்தனையோ முறை ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் சேர்ந்து டீ குடித்தோம். ஹார்னைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே இழுத்தால் சுருதியை இறக்கும் குழாய் உன் ஹார்னில் எப்போதும் முழுக்க உள்ளே இருக்கும். இன்று ஒரு விரலளவு வெளியே இருந்தது. அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல். தூக்கி வந்ததில் நகர்ந்துவிட்டது என்று நினைத்து உள்ளே தள்ளப் போனேன்.

"தள்ளாதீங்க மாமா" என்றாள் உன் மகள். "போன்ல கீபோர்டு சத்தத்த வெச்சுக்கினு தெனம் ஊதி ஊதி அப்பா புடிச்ச அளவு அது. ஞாயித்துக்கெழம ஆனா யூனிபாரத்த இஸ்திரி போட்டுக்கினு உக்காந்துக்குவாரு. செக்ரட்டரி கூப்புடுவான், செக்ரட்டரி கூப்புடுவான்னு."

ஒவ்வொரு ஞாயிறும் உன் வாசலைத் தாண்டித்தான் பயிற்சிக்குப் போனேன். கதவு திறந்தேதான் இருக்கும்.

இந்த ஞாயிறு ஹார்னை, அந்தக் கீறலிலிருந்து குழாய் நகராமல், பேண்டுக்கு எடுத்துப் போகிறேன். நோட்டையும் எடுத்துப் போய், 'தானாக விலகினார்' என்ற வரியை எல்லோர் முன்னும் வாய்விட்டுப் படித்து, கோடு போட்டு அடிக்கப் போகிறேன். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. நீ விலகவில்லை. நான் கூப்பிடவில்லை.