கொடியில் கிடந்த சாரம்

உப்புக்குளம்
புதன்கிழமை

அன்பு மகன் நிப்ராஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கச்சி றிம்ஷாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், நீ அந்தச் சூட்டுக்குள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். உம்மா ஏன் போனில் கதைக்காமல் எழுதுகிறா என்று யோசிப்பாய். கதைத்தால் றிம்ஷா பக்கத்தில் நிற்பாள், நான் எவ்வளவு பயந்துபோய் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. பக்கத்து வீட்டு றஞ்சினியின் மகன் டினேஷ் லீவு முடிந்து நாளைக்குக் கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். எழுத்துப் பிழையைப் பாராதே, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

நீ அனுப்பிய உடுப்பு உலர்த்தும் மெசினை மூன்று நாள் பாவித்துவிட்டு ஏன் விட்டீர்கள் என்று றிம்ஷாவை ஏசினாயாம். அவளை ஏசாதே மகன், விடச் சொன்னது நான். வாப்பா இருக்கும்வரை அதைப் பெட்டி உடைக்கவே விடவில்லை என்று உனக்குத் தெரியும். தென்கரையில் நிற்கிற காற்றாடிக் கோபுரங்களைக் காட்டிச் சொல்வார், சும்மா அடிக்கிற காத்தில காயுற உடுப்பை, அந்தக் காத்தைப் புடிச்சுக் கரண்டாக்கிக் கம்பியில கொண்டுவந்தோ காய வைக்கிறது, இது என்ன புத்தி என்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்தால் எங்கள் முற்றத்தில் தடித்த போர்வைகூட ஒரு மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும், அந்த மெசினைப் போட்டாலோ குசினி லைற் மங்கிப்போகிறது. ஆனால் நான் விட்டது கரண்டுக்காக இல்லை.

வாப்பா மௌத்தாகி மூன்று மாதமும் எட்டு நாளும் ஆகிறது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதின அன்று அவருடைய உடுப்பு முழுவதையும் ஏழை எளியவர்களுக்குக் கொடுத்தோம். ஒன்றை வைத்தால் அதில் முகத்தை வைத்து அழுதுகொண்டே இருப்பேன் என்று உன் பெரியம்மா ஹமீதா ஒரு சாரம்கூட மிச்சம் விடாமல் மூட்டை கட்டிவிட்டா. அதுதான் நாங்கள் விட்ட பிழை. அதற்குப் பிறகு கொடியில் என்னுடைய இத்தா வெள்ளை உடுப்பும் றிம்ஷாவின் உடுப்பும்தான் கிடந்தது. றோட்டால் போகிறவனுக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, வெள்ளை கிடந்தால் புருசன் போனவள், ஆண் உடுப்பு இல்லாவிட்டால் துணைக்கும் ஆள் இல்லை. போன மாதம் முன்பின் தெரியாத ஓட்டோக்காரன் ஒருத்தன் றஞ்சினியின் கேற்றடியில் நிறுத்தி, அங்கால வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ அக்கா, கொடியில ஒரு சாரமும் காணேல்லையே என்று சிரித்துச் சிரித்துக் கேட்டானாம். அவள் விடுவாளா, அவையின்ர கொடியில உனக்கென்னடா கண், போய் உன்ர ஊத்தைச் சாரத்தைத் தோயடா என்று கலைத்துவிட்டு, அன்றைக்கே புருசன் யாகப்புவின் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். என்ர மனுசனைத் தர ஏலாதக்கா, சாரத்தை வேணுமெண்டா வைச்சுக்கொள்ளுங்கோ என்றாள். வாப்பா போன பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

யாரும் உடுக்காத அந்தச் சாரத்தைக் காலையில் காலையில் வாளியில் முக்கிச் சொட்டச் சொட்டப் போட்டோம். நாலு மாதமும் பத்து நாளும் இத்தா முடியும்வரை நான் முற்றத்துக்கு இறங்க ஏலாது, றிம்ஷாதான் போட்டாள். பதினொரு நாள் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் பின்னேரம் பார்த்தால் சாரம் கொடியில் இல்லை, குசினிப் படியில் நாலாய் மடித்து வைத்திருக்கிறது. நான் றிம்ஷா என்று நினைத்தேன், அவள் றஞ்சினி என்று நினைத்தாள். கழுதை கிழுதை இழுத்திருக்கும் என்று நான் சொல்ல, கழுதை இழுக்குமக்கா, மடிச்சு வைக்குமோ என்று றஞ்சினி கேட்டாள். கேற்று உள்ளால் பூட்டினபடியே இருந்தது. பொலிசுக்குப் போய் என்னத்தைச் சொல்வது, சாரம் மடித்துக் கிடந்தது என்றா?

அதற்குப் பிறகுதான் உன் மெசினைப் பெட்டி உடைத்தோம். வெளியே ஒரு துணியும் போடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் லுஹர் நேரம் றிம்ஷா கடைக்குப் போயிருந்தாள், பின்கதவுக் கொளுக்கியை யாரோ மெல்ல மெல்லத் தூக்கிப் பார்த்தார்கள். நான் இருமினேன். கொளுக்கி நின்றது. பிறகு ஆள் ஓடவில்லை மகன், ஆறுதலாக நடந்து போகிற சத்தம்தான் கேட்டது. கொடி வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டு வீட்டில் ஆள் இல்லை என்று வந்திருக்கிறான். மெசினை விட்டது அதனால்தான். போட்டாலும் பார்க்கிறான், போடாவிட்டாலும் பார்க்கிறான்.

நேற்றுக் காலையில் றிம்ஷா தோய்த்த உடுப்போடு வெளியே போனவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கொடியில் ஒரு சாரம் கிடந்தது, ஈரம் சொட்டுது, எங்கள் கிளிப்பையே எடுத்துக் குத்தியிருக்கிறது. யாகப்புவின் சாரம் அலுமாரிக்குள் இருக்கிறது. இது யாருடையதோ.

இத்தா முடியும்வரை வாப்பாவின் வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்றுதான் இருந்தேன், அது அவருக்கு நான் செய்கிற கடைசிக் கடமை. நேற்று மௌலவியிடம் போனில் கேட்டேன். உயிருக்கும் மானத்துக்கும் பயமெண்டா இடம் மாறலாம் உம்மா, இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை என்று அவர் என்னைத்தான் ஏசினார். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பெரியம்மாவின் மகன் பவ்ஸான் வான் கொண்டுவருவான், பெரியமடுவில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம், மிச்ச இத்தாவை அங்கே இருப்பேன். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரித் தெரிய றஞ்சினி தன் வீட்டு உடுப்பை எங்கள் கொடியில் போட்டு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள், யாகப்பு கூடவே நிற்பாராம்.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, நேரத்துக்குச் சாப்பிடு. நாங்கள் போகிறதை அறையில் இருக்கிற ஊர்ப் பொடியன்களுக்குக்கூடச் சொல்லாதே, பேஸ்புக்கில் ஒன்றும் போடாதே. அல்லாஹ் உன்னைத் தன் பார்வையை விட்டு விலக்காமல் வைத்திருக்கட்டும், உன் கையால் உழைத்ததை நீயே அனுபவிக்க ஆயுசைத் தரட்டும். இனி றிம்ஷாவின் கைப்போனுக்கு மட்டும் கோல் எடு. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வீட்டுப் போனுக்கு எடுக்காதே மகன், எடுத்து யாராவது பேசினால் அது நாங்கள் இல்லை.

உன் உம்மா,
ஸீனத்