கூரை என்று யார் சொன்னது?

மேற்கணக்கு லயம்,
குருவிமலைத் தோட்டம்,
மடுல்சீமை.
20.01.2003

தமிழ்க் கடிதங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் அவர்களுக்கு,
பிரதேச செயலகம்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருக்கிறோம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறேன்.

நான் இந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மார்கழியில் விடாமல் அடித்த மழையில் எங்கள் பீலி உடைந்து போய்விட்டது. தண்ணீர் கண்ட பக்கமெல்லாம் ஓடி, எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து வாசல் ஒரே சேறு. நாங்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது. பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலும் விட்டபாடில்லை. தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் சொன்னோம். "பார்ப்போம்" என்றார். தோட்டத்தில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம்.

உங்கள் கந்தோரில் சிங்களத்தில் எழுதினால்தான் வேலை நடக்குமாம். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. "அங்க ஒரு தமிழ் ஐயா இருக்காரு, அவர் மாத்தி எழுதிக் குடுப்பாரு" என்று எங்கள் பக்கத்து வீட்டு அழகர் அண்ணன் சொன்னார். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்களுக்குப் புதுப் பீலி போட்டுத் தர ஆவன செய்யுங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சி. சிவசக்தி


பிரதேச செயலகம்,
18.03.2003

அன்புள்ள சகோதரி சிவசக்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் குறை நினைக்க வேண்டாம். இக்கந்தோரில் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. வரும் கடிதங்களோ மேசை கொள்ளாது.

நல்ல செய்தி. தங்கள் விண்ணப்பத்தை நானே சிங்களத்தில் பெயர்த்து மேலதிகாரியிடம் கொடுத்தேன். மழை அனர்த்த நிவாரணத்தின் கீழ் புதிய பீலிகள் தருவதற்கு ஒப்புதல் கிடைத்துள்ளது. நேரில் வந்து அளவெடுக்க எமக்கு வாகன வசதி இல்லை. லயத்தின் நீளத்தைத் தோட்டக் கந்தோரில் கேட்டுக் குறித்துக்கொண்டோம். சித்திரை வருஷத்துக்குப் பிறகு சாமான் வந்து சேரும்.

தாங்கள் எழுதும் தமிழ் வாசிக்க இனிமையாக இருக்கிறது. அலுவலகக் கடிதங்களில் மாரியம்மன் வருவது அபூர்வம். வேறு குறைகள் இருந்தாலும் தயங்காது எழுதுங்கள்.

இங்ஙனம்,
க. இரகுநாதன்
எழுதுவினைஞர்


மேற்கணக்கு லயம்,
11.05.2003

இரகுநாதன் ஐயாவுக்கு,

வணக்கம் என்று எழுதக்கூடக் கை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் வளர்த்த முறை விடவில்லை. வணக்கம்.

உங்கள் லொறி வந்தது. லயமே திரண்டு போய் ரோட்டில் நின்றோம். "சாமான் வந்திருச்சு, இனிமே தண்ணி வந்திரும்" என்று பொம்பளைகள் குலவை போடாத குறை. இறக்கினால் என்ன? தகரம்! கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கிற வளைந்த தகரம்! லயத்தின் நீளத்தை எதற்குக் கேட்டார்கள் என்று யோசித்தோம், குழாய் போடத்தான் என்று சந்தோசப்பட்டோம். அழகர் அண்ணன் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா சிவசக்தி, நீ என்னாத்த எழுதின?" என்று என்னைக் கேட்டார். லயமே என் மூஞ்சியைப் பார்த்தது. அந்த நேரம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

நான் எழுதினது பீலி ஐயா, பீலி! மலையில் ஊற்று இருக்கும். அதிலிருந்து மூங்கிலோ குழாயோ வைத்துத் தண்ணீரை இறக்குவார்கள். அது விழுகிற இடம்தான் பீலி. நாங்கள் குடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் அங்கேதான். இந்த மலையில் பால்குடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மண் சரிந்து அது போனதிலிருந்து கீழே ஆற்றில்தான் அள்ளுகிறோம். அந்த ஆற்றுக்கு மேலேதான் கீழ்க்கணக்கு ஆட்களின் கக்கூஸ் வரிசை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

என் மகள் சுகந்தினிக்கு எட்டு வயது. மஞ்சக் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். "இந்தத் தண்ணியக் குடுத்தா இன்னொரு தரம் தாங்காது" என்று டாக்டர் நோனா சொன்னார். வேறு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் உங்கள் கந்தோரில் இறங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள்தான் இருந்தீர்கள். நெற்றியில் திருநீறு, கையில் தேத்தண்ணீர்.

"ஐயா, பீலி விசயமா வந்தேங்க," என்றேன்.

"இண்டைக்குப் பொதுசன நாள் இல்லை அம்மா. புதன்கிழமை வாங்கோ."

"ஐயா, ரொம்பத் தூரங்க. புள்ளய ஆஸ்பத்திரில..."

"எல்லாருக்கும் ஒரு கதை இருக்குதானே. புதன் வாங்கோ."

என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. என் தமிழ் இனிமையாக இருக்கிறது என்று எழுதின மனிதர் நீங்கள்தானா? கடிதத்தில் இனித்தது, வாயால் பேசினால் கசந்துவிட்டதா?

தகரத்தை நாங்கள் கூரையில் பூட்டவில்லை. அழகர் அண்ணனும் ஆட்களும் தூக்கிக்கொண்டு போய், கவட்டைக் கம்பு ஊன்றி, ஊற்றிலிருந்து லயம் வரைக்கும் வரிசையாகக் கட்டிவிட்டார்கள். பாதித் தண்ணீர் வழியிலேயே ஒழுகுகிறது. இலையும் மண்ணும் விழுகிறது. காற்றடித்தால் சரிகிறது. என்றாலும் அது ஊற்றுத் தண்ணீர்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். நான் கூரை என்று எழுதவே இல்லையே. கூரை என்று யார் சொன்னது?

சிவசக்தி


பிரதேச செயலகம்,
27.05.2003

சகோதரி சிவசக்தி,

முதலில் பிள்ளைக்குச் சுகமாக வேண்டும். நல்லூரானை நேர்ந்துகொண்டேன். இதை உபசாரத்துக்கு எழுதவில்லை.

கூரை என்று எழுதினது நான்தான். எங்கள் ஊரில் பீலி என்றால் தாழ்வாரத் தகரம். வேறு கருத்து இருப்பது எனக்குத் தெரியாது. அதிகாரிக்குத் தெளிவாக விளங்கட்டும் என்று ஒரு சொல்லை நானாகச் சேர்த்தேன். பிழைதான்.

ஆனால் கோபப்பட உங்களுக்கு மட்டும்தான் உரிமை என்று எண்ண வேண்டாம். குடிதண்ணீர் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள் உடுத்த உடுப்போடு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, கடைசியில் இந்தக் கதிரைக்கு வந்து சேர்ந்தவன் நான். இங்கே சிங்கள உத்தியோகத்தருக்கு நான் கொட்டியா, புலி. தோட்டத்து ஆட்களுக்கு யாழ்ப்பாணத்தான். இரண்டு பக்கத்து ஏச்சும் எனக்குத்தான். அன்று காலையிலிருந்து எத்தனை பேர் அந்தக் கண்ணாடியில் தட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

இன்னொன்று. தோட்டம் கம்பெனியின் காணி. அங்கே அரசாங்கக் காசில் தண்ணீர்க் குழாய் போடச் சட்டம் இடம் தராது என்பார்கள். நிவாரணம் என்ற பெயரில்தான் இந்தத் தகரமே அசைந்தது.

இப்போது தலைபோகிற விஷயம். யூன் கடைசியில் கணக்காய்வு ஆட்கள் உங்கள் லயத்துக்கு நேரில் வருகிறார்கள். கூரைக்குக் கொடுத்த தகரம் காட்டில் கிடந்தால் அரச பொருளைத் துஷ்பிரயோகம் செய்ததாக விசாரணை வரும். உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். அம்மா அங்கே தனிய. சண்டை நின்று பாதை திறந்த பிறகும் போய்ச் சேர முடியாமல் இருக்கிறேன். ஒரு நாளைக்கு மட்டும் தகரத்தைக் கழற்றிக் கூரையில் பூட்டுங்கள். அவர்கள் போனதும் உங்கள் விருப்பம். தங்கச்சி என்று நினைத்துக் கேட்கிறேன்.

அன்புடன்,
இரகுநாதன்


மேற்கணக்கு லயம்,
08.06.2003

ஐயா,

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் "அம்மா." காரியம் ஆக வேண்டியிருந்தால் "தங்கச்சி." நன்றாக இருக்கிறது உறவு.

உங்கள் கஷ்டத்தை வாசித்தேன். மனசு கனத்தது, பொய் சொல்லமாட்டேன். வீடு வாசலை விட்டு ஓடி வருவது சின்ன விசயமில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் லயத்தை எரித்தபோது நானும் தேயிலைக்குள் ஒளிந்திருந்தவள்தான். அந்தக் கஷ்டம் தெரிந்த மனிதர் நீங்கள், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

தகரத்தைக் கழற்றமாட்டோம். ஒரு நாளைக்கும் கழற்றமாட்டோம். சுகந்தினியை அடுத்த கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எலும்பும் தோலுமாக வருகிற பிள்ளைக்கு, "இன்னைக்கு மட்டும் ஆத்துத் தண்ணி குடி கண்ணு, ஐயாமாருக்குக் கூரை காட்டணும்" என்று சொல்லவா? என் வாயில் வராது.

கணக்காய்வு ஆட்கள் வரட்டும் ஐயா! இந்த மேற்கணக்குக்கு எந்தக் கந்தோர் ஆளும் ஏறி வந்ததில்லை. ஓட்டுக் கேட்கிறவர்கள்கூட பேக்டரி வாசலோடு திரும்பிவிடுவார்கள். இப்போதுதான் முதல் தடவை வருகிறார்கள். தகரம் எங்கே என்று கேட்கட்டும். ஊற்றுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். ஆற்றையும் காட்டுகிறோம், கக்கூசையும் காட்டுகிறோம். பொலிஸ் வந்தால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அழகர் அண்ணன் தன் பெயர்தான் முதலாவது என்று சண்டைக்கு நிற்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். "பிழை நடந்துவிட்டது, இவர்களுக்குத் தேவை குடிதண்ணீர்" என்று உங்கள் கையாலேயே சிங்களத்தில் எழுதி அதிகாரியிடம் கொடுங்கள். நீங்கள் போட்ட முடிச்சை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும்.

சிவசக்தி


பிரதேச செயலகம்,
25.06.2003

அன்புள்ள தங்கச்சி,

இனி நிம்மதியாக மூச்சு விடலாம். எல்லாம் சரி.

உங்கள் கடிதம் வந்த பிறகு எனக்கு நித்திரையே இல்லை. பொலிஸ் அது இது என்று பெண்பிள்ளைகள் அலைவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். "வழங்கப்பட்ட பீலிகள் யாவும் உரிய இடத்தில் பொருத்தப்பட்டுப் பாவனையில் உள்ளன" என்று அறிக்கை எழுதினேன். பாருங்கள், அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை! உங்கள் பீலி உங்கள் பீலியில்தானே இருக்கிறது? அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். உங்கள் விண்ணப்பக் கோவை மூடியாயிற்று. கணக்காய்வு ஆட்கள் குருவிமலையைத் தங்கள் பயணத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒருவரும் வரமாட்டார்கள். உங்களை எவரும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

நீங்கள் சொன்னபடி பிழை என்று எழுதப் பேனாவை எடுத்ததும் உண்மை. எழுதினால் இடமாற்றம் போய்விடும். எழுதியும் குழாய் வரப்போவதில்லை. இரண்டு பேருக்கும் நட்டமில்லாமல் முடித்ததே நல்லது என்று பட்டது.

ஆடியில் யாழ்ப்பாணம் போகிறேன். இடமாற்றம் கிடைத்துவிட்டது. பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்பு அண்ணன்,
இரகுநாதன்


மேற்கணக்கு லயம்,
13.07.2003

இரகுநாதன் ஐயாவுக்கு,

அண்ணன் என்று கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையை நான் தரவில்லை.

உங்கள் கடிதம் தோட்டத்துத் தபால்காரர் கையில் கிடந்து தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் நாங்கள் பட்ட கூத்தைக் கேளுங்கள். யூன் கடைசி என்றீர்களே, அந்தக் கிழமை முழுவதும் லயத்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தோம். பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன பொம்பளைகள் மலையிலிருந்து எட்டி எட்டி ரோட்டைப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினதுதான் மிச்சம். "வருவாங்க, வருவாங்க" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வருகிறவர்களை மறித்துத் திருப்பி அனுப்பினவர் நீங்கள். அதையும் என்னைக் காப்பாற்றினதாக எழுதுகிறீர்கள்!

காப்பாற்றச் சொல்லி யார் கேட்டது? எங்களைக் கேள்வி கேட்க ஒருவரும் வரமாட்டார்கள் என்று சந்தோசப்படுகிறீர்கள். அந்தக் கேள்விக்காகத்தானே ஐயா காத்திருந்தோம்! இப்போது கடதாசியில் குருவிமலைக்குக் குறையே இல்லை. இனி எவன் கேட்டாலும், "உங்களுக்குத்தான் குடுத்தாச்சே, கோவை மூடியாச்சே" என்பான். முதல் தடவை தெரியாமல் செய்தீர்கள், போகட்டும். இந்தத் தடவை எல்லாம் தெரிந்து, யோசித்து, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல்லும் பொய் இல்லையாம்! பொய்யே எழுதியிருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

போன திங்கட்கிழமை கச்சான் காற்றில் தகரம் பாதிக்கு மேல் பள்ளத்தில் விழுந்துவிட்டது. சுகந்தினிக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறேன். விறகு இருக்கிற வரைக்கும் கொடுப்பேன்.

கீழ்க் கிராமத்தில் சோமாவதி நோனா என்று ஒருத்தர், மரக்கறி விற்க லயத்துக்கு வருகிறவர். அவர்களும் அதே ஆற்றில்தான் அள்ளுகிறார்கள். அவர் மகனுக்கும் கண் மஞ்சளாம். எங்கள் வாசலில் கூடையை இறக்கினபோது, இருக்கிற சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். பீலி என்று சொன்னதும் அந்தம்மா கையைப் பிடித்து நிறுத்தி, "பீல்ல? வத்துர பீல்லத?" என்று கேட்டார். தண்ணீர்ப் பீலியா என்று கேட்கிறார் ஐயா. சிங்களத்திலும் அது கிட்டத்தட்ட அதே சொல்தான்! நீங்கள் ஒன்றையும் மாற்றாமல், ஒன்றையும் சேர்க்காமல், நான் எழுதினதை அப்படியே எழுதியிருந்தாலே உங்கள் அதிகாரி "எந்தப் பீல்ல" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

இரண்டு ஊருக்குமாகச் சேர்த்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். சோமாவதி நோனாவின் மூத்த மகள் சிங்களத்தில் எழுதினாள். எழுதின ஒவ்வொரு வரியையும் எங்களுக்குச் சொல்லிக் காட்டினாள். கிராமம் கம்பெனிக் காணி இல்லை, அதனால் அங்கே குழாய் போட எந்தச் சட்டமும் குறுக்கே வராதாம். அந்தக் குழாய் எங்கள் ஊற்றிலிருந்து எங்கள் லயத்து வாசல் வழியாகத்தான் இறங்க வேண்டும். வருகிற புதன்கிழமை, உங்கள் பொதுசன நாள், நாற்பது பேருக்குக் குறையாமல் வருகிறோம். மனுவை நேராக அதிகாரி கையில் கொடுப்போம். தமிழ்க் கடிதம் இல்லை என்பதால் அது உங்கள் மேசைக்கு வரத் தேவையில்லை.

அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருந்தால் எழுந்து வரவேண்டாம். யாழ்ப்பாணம் போய் உங்கள் அம்மாவோடு நல்லபடியாக இருங்கள். அதை வயிற்றெரிச்சலோடு சொல்லவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினாலும் நான் பிரிக்கமாட்டேன்.

சி. சிவசக்தி