சக்கரம் வைத்த வகுப்பறையை விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
செயலாளர், சனிக்கிழமை அறிவியல் வண்டிக் குழு
(மற்ற நாட்களில் பல் மருத்துவமனை வரவேற்பாளர்),
நூலகத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
வாகனப் பிரிவு, நகராட்சி அலுவலகம்.

பொருள்: தங்கள் கிடங்கில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள எங்கள் மஞ்சள் வேன் வாகனமா, கட்டடமா என்று முடிவு செய்து, எதுவாக இருந்தாலும் எங்களிடமே திருப்பித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு சற்று நீளம். ஆனால் சுருக்கமாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் எங்களை வேறு மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். எனவே இம்முறை முழுவதையும் எழுதுகிறேன்.

1. எங்கள் குழுவில் மருந்துக் கடைக்காரர் ஒருவர், தச்சர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருவர், நான் என நான்கு பேர் இருக்கிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. சனிக்கிழமைதோறும் தெருப் பிள்ளைகளைக் கூட்டி, அறிவியலைக் கையால் செய்து பார்க்க வைக்கிறோம். பாடம் நடத்துவதில்லை, அதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. எங்களிடம் வந்தால் கை அழுக்காகும், சட்டை நனையும். சில சமயம் புரிந்தும் போகும்.

2. மேற்படி வேன் சலவைக்கடை முதலாளி எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. புது வண்டி வாங்கியபோது பழையதை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தும், அவர் எங்களைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் வைத்தார். "புள்ளைங்க கை படணும்மா. ஒடஞ்சா ஒடையட்டும். பூட்டி மட்டும் வெச்சிடாதீங்க," என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. தாங்கள் அந்த வேனைப் பூட்டி வைத்திருப்பதால், நாங்கள் இப்போது அந்த நிபந்தனையை மீறியவர்களாக நிற்கிறோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். செய்தி கேட்ட நாள் முதல் அவர் தினமும் போன் செய்து, "என்னம்மா, வண்டிக்கு ஜாமீன் கெடச்சுதா?" என்று விசாரிக்கிறார். அவருக்குச் சிரிப்பு. நானும் தினமும் 'நாளைக்கு' என்று சொல்லி வைக்கிறேன்.

3. இவரைப் போலவே, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஓரம் உடைந்த லென்சுகளைச் சேர்த்து வைத்துத் தருகிறார். ஹோட்டல்காரர் காலி ஜாம் பாட்டில்களைக் கழுவியே கொடுத்தனுப்புகிறார். அந்தப் பாட்டில்களில் ஒன்றில் தலைப்பிரட்டைகள் வளர்ந்துகொண்டிருந்தன. அதையும் சேர்த்தே தங்கள் ஊழியர்கள் தூக்கிச் சென்றுவிட்டார்கள்.

4. தூக்கிச் சென்ற காரணத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் வேனின் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஒரே ஒரு சிறு துளை மட்டும் விட்டிருந்தோம். கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. கொஞ்ச நேரத்தில் கண் பழகியதும், எதிரே தொங்கும் வெள்ளைத் துணியில் வெளித்தெரு முழுவதும் தலைகீழாக வந்து விழும். மரங்கள் மேலிருந்து தொங்கும், பேருந்துகள் கூரையில் ஓடும். ஒவ்வொரு பேருந்துக்கும் பிள்ளைகள் போடும் கூச்சலைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அதே வேனில், பூஞ்சை எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காகத் தட்டில் ரொட்டியும் வைத்திருந்தோம். பூஞ்சை எங்கள் எதிர்பார்ப்பையும் மீறி நன்றாக வளர்ந்தது. காற்று எதிர்க் குடியிருப்புப் பக்கம் வீசியது. கறுப்பு ஜன்னல், நாற்றம், நகராத வண்டி என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த வர்ணனையைக் கேட்டால் நானே புகார் கொடுத்திருப்பேன். பல்வலிக்காரர் ஒருவரை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கல்லூரி மாணவி போன் செய்து, "அக்கா, நம்ம வண்டி லாரி மேல ஏறிப் போகுது!" என்றாள்.

5. பதறியடித்துக்கொண்டு தங்கள் அலுவலக வளாகத்திலுள்ள கிடங்குக்கு ஓடினேன். வாயிற்காவலர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "நீங்கதானா அந்த வண்டிக்காரம்மா? வாங்க வாங்க," என்று வரவேற்றார். சோதனை போட உள்ளே ஏறியவர், வெயில் கண்ணில் அடிக்கிறதே என்று கதவைச் சாத்தியிருக்கிறார். சிறிது நேரத்தில் தன் அலுவலகத்தையே துணியில் கண்டு, "சார், ஓடி வாங்க! நம்ம ஆபீஸ் தலகீழா தொங்குது!" என்று கத்தியதாக அவரே சொன்னார். தலைப்பிரட்டைப் பாட்டிலை அவர் நிழலான இடத்தில், தன் மேசை மேல் வைத்திருக்கிறார். தண்ணீர் மாற்றும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரே மாற்றுகிறார். இதற்காகத் தங்கள் பிரிவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

6. சிக்கல் அலுவலக மாடியில்தான் தொடங்கியது. வேனை விடுவிக்கும் எழுத்தர், இது சரக்கு வண்டியா, பயணிகள் வண்டியா என்று கேட்டார். இரண்டும் இல்லை, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படிப்பார்கள் என்றேன். "புள்ளைங்க ஏறினா பயணிகள் வண்டிம்மா. உரிமம் எங்க?" என்றார். பிள்ளைகள் ஏறும்போது வேன் நகராது என்றேன். "நகராதா? அப்ப அது வண்டியே இல்ல, கட்டடம். மேல் மாடிக்குப் போங்க," என்றார். மேல் மாடியில் கட்டடப் பிரிவு எழுத்தர் ஜன்னல் வழியே கிடங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "சக்கரம் இருக்கேம்மா, எங்க தலையில கட்டாதீங்க," என்று கீழே அனுப்பினார். இப்படி நான் ஏறி இறங்கியதில் படிக்கட்டுக்கே என் முகம் பழகிவிட்டது.

7. அடுத்த முறை பிள்ளைகள் சிலரும் உடன் வந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு நாங்கள் வைத்த பெயர் 'கேள்வி'. அவள் கீழ்மாடி எழுத்தரிடம், "சார், நகர்ந்தா வண்டி, நகரலேன்னா கட்டடம். அப்ப லிஃப்ட் எது சார்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். வரிசையில் நின்ற ஒருவர் கட்டடம் என்றார், இன்னொருவர் வண்டி என்றார். வந்த வேலையை மறந்து அவரவர் வாதாடினார்கள். கடைசியில் எழுத்தர் சிரித்துவிட்டு, "பாப்பா, இதுக்குப் பதில் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. பெரிய ஆபீசருக்கு எழுதிக் குடுங்க," என்றார். அன்று மதிய இடைவேளையில் அவரும் கிடங்குக்கு இறங்கி வந்து வேனுக்குள் உட்கார்ந்து பார்த்தார் என்பதைப் புகாராக அல்ல, பாராட்டாகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

8. உரிமை கோரப்படாத வாகனங்கள் மாதக் கடைசியில் பழைய இரும்புக்குப் போகும் என்று கிடங்குச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. நாங்கள் உரிமை கோரிக்கொண்டேதான் இருக்கிறோம்; எந்த மாடியில் கோருவது என்பதுதான் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து எழுதினாலும், அந்த அறிவிப்பைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு வேன் கொடுக்க இன்னொரு சலவைக்கடை முதலாளிக்கு நான் எங்கே போவேன்?

ஆகவே, ஐயா அவர்கள் அன்புகூர்ந்து,

அ) வேனை வாகனம் என்று முடிவு செய்தால் ஓட்டிச் செல்ல அனுமதியுங்கள். கட்டடம் என்று முடிவு செய்தால் தள்ளிச் செல்ல அனுமதியுங்கள். தள்ளுவதற்குப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

ஆ) முடிவு வரும்வரை இரும்புக்கு அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள். பூஞ்சை ரொட்டியை நாங்களே அப்புறப்படுத்திவிட்டோம். இனி மூடி போட்ட பெட்டியில்தான் வளர்ப்போம்.

இ) இது என் கோரிக்கை அல்ல. மனு எழுத வராது என்று கூச்சப்பட்டு, வாயிற்காவலர் என்னிடம் சொல்லியனுப்பியது. அவருக்கு வார விடுமுறை புதன்கிழமை. அதைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தர வேண்டுகிறார். "வண்டிய விடும்போது என்னையும் சேத்து விடச் சொல்லுங்கம்மா," என்பது அவர் வாய்மொழி. அவருக்கு எங்கள் குழுவில் இடம் ஒதுக்கிவிட்டோம். இனித் தங்கள் கையெழுத்துதான் பாக்கி.

நல்ல பதில் வரும் என்ற தெம்புடன்,

வண்டியக்கா
(பிள்ளைகள் கூப்பிடும் பெயர், செயலாளர் என்றால் அவர்களுக்குத் தெரியாது)

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தங்கள் அலுவலகத்தின் படிக்கட்டு, முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில்