சாக்ஸ் பதிந்த தடம்

அன்புள்ள அப்பா,

நீங்களும் அம்மாவும் சுகம்தானே? எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

எங்கள் கம்பெனி வேன் ஓட்டும் அண்ணன் காலில் சாக்ஸ் பதிந்த பள்ளம் வெகுநேரம் மறையாமல் இருந்ததைப் பார்த்தேன். கூச்சத்தில் கேட்கவில்லை. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதென்று நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். "தலைவலியே இல்ல, பிரஷர் மாத்திரை எதுக்கு?" என்று உங்களைப் போலவேதான் அவரும் சிரிப்பார்.

கம்பெனி நர்ஸ் அக்கா சொன்னார்: "பிரஷர் ஏறினா, ரத்தம் வேகமா பாயாம இருக்க கிட்னி தன் ரத்தக்குழாயத் தானே இறுக்கிக்கும். வருஷக்கணக்கா இறுக்கி இறுக்கி, குழாய் தடிச்சு கிட்னியே கெட்டுப்போயிடும்; அப்புறம் உடம்புல நீர் தங்கி கால் வீங்கும். வலியே தெரியாதும்மா."

உங்கள் செருப்பு திடீரென்று இறுக்குகிறது என்று அம்மா போனில் சிரித்தாரே!

மாத்திரையை இன்றே போடுங்கள். இங்கே தனியே படுக்கக் குளிர்கிறதென்று நான் கேட்ட போர்வையை அனுப்ப வேண்டாம். சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, முதல்முறையாக வாய்திறந்து, உங்களை டாக்டரிடம் கூட்டிப்போக ஊருக்கு வர லீவு கேட்டுவிட்டேன்.