அடக்க நேரத்தில் போட்ட அப்டேட்

செவ்வாய், இரவு.

நான் பார்த்துக்கொள்ளும் எங்கள் திருச்சபையின் வெப் சர்வரில் பாதுகாப்பு ஓட்டை, உடனே அப்டேட் போடணும் என்று காலையில் எச்சரிக்கை வந்தது. மதியம் ஞானதாஸ் மாமாவின் அடக்க ஆராதனை. பாறசாலை ஊரே சபைக் கோயிலில் இருக்கும், சபைத் தளத்தை யார் பார்க்கப்போறா என்று ஆராதனை நேரத்திலேயே போட்டேன். ஆராதனையின் நேரலையும் அதில்தான் ஓடுகிறது என்பது மண்டையில் ஏறவில்லை. இரண்டு நிமிடம் நின்றது.

சாயங்காலம் மாமாவின் மகள் ஸ்டெல்லா அக்கா குவைத்திலிருந்து கூப்பிட்டாள். "பெட்டிய மூடினப்போ படம் நின்னு போச்சு மக்கா. அப்பாக்க முகத்தக் கடைசியா காணல்ல. நீ கண்டியா?"

"உறங்கின மாதிரி இருந்தாரு அக்கா."

ஓட்டையை உடனே அடைத்தது தப்பா? நாளைக்குப் போட்டிருந்தால் அதற்குள் எவனாவது நுழைந்திருப்பானா?

கோயிலில் பின்வரிசையில்தான் இருந்தேன். லேப்டாப்பில் அப்டேட் முடியுதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முகத்தை நானும் காணல்ல.