தவுட்டுக்கு வாங்கின புள்ளைக்கு விசா

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேர்ந்து தூறல். கரும்புக்குத் தண்ணி விடற வேலை மிச்சம். உக்காந்து ஃபைலை அடுக்கினேன்.

என் பாஸ்போர்ட் - இருக்கு. கல்யாணப் பதிவு - இருக்கு, முத்திரை மேல முத்திரை. சங்கீதாவோட ஜெர்மனி ஆஸ்பத்திரிச் சம்பளச் சீட்டு - இருக்கு. அவ பிடிச்சிருக்கற வாடகை வூட்டு அளவு - இருக்கு. (ஆளுக்கு இவ்ளோ இடம்னு கணக்கு காட்டணுமாம். மாட்டுக்கொட்டாய்க்குக்கூட நாம பாக்காத கணக்கு.) யாழினி பாஸ்போர்ட் - இல்ல. யாழினி பிறப்புச் சான்று - இருக்கு. அதுதான் வெனை.

அதுல அம்மா பேரு சின்னப்பொண்ணு. அப்பா பேரு சடையன். பெத்தவங்க நானும் சங்கீதாவும்.

வக்கீலம்மா இத மொதல் தடவ படிச்சப்ப கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு மறுபடி படிச்சாங்க. "புள்ளைய எங்கனா தூக்கிக்கினு வந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. விசா குடுக்கறவனும் அதையேதான் கேப்பானாம்.

வியாழக்கிழமை கோர்ட்ல உளறக் கூடாது. இங்க ஒருதடவ ஒழுங்கா எழுதிப் பாக்கறேன்.

மொதல் புள்ள ஒம்பது நாள் இருந்துச்சி. ரெண்டாவது ஒரு மாசம் தாண்டல. மூணாவது யாழினி. பொறந்த அன்னிக்கே அவள தவுட்டுக்கு வித்துட்டோம். எங்க பக்கம் புள்ள தங்காத வூட்ல செய்யறதுதான். எல்லாப் புள்ளையும் உசிரோட இருக்கற ஒருத்தி கையில பச்சப் புள்ளையக் குடுத்து, அவ தர்ற ஒரு மொறம் தவுட்ட வாங்கிக்கணும். அப்பறம் அது அவ புள்ள. நாம சும்மா வளக்கறவங்க. ஏற்கெனவே ரெண்ட எடுத்துக்கினு போனது மறுபடி தேடி வந்தா, இது இவங்க புள்ள இல்ல போலன்னு ஏமாந்து போயிடும்.

சின்னப்பொண்ணக்காவும் அவ புருசன் சடையனும் கரும்பு வெட்ட வருசா வருசம் மலையிலேர்ந்து எங்க காட்டுக்கு எறங்கி வருவாங்க. அஞ்சு புள்ள, அஞ்சும் கல்லாட்டம். அந்தக் கையே போதும்னு முடிவு பண்ணோம். பொறப்பு எழுத வந்தவரு பெத்தவங்க பேரு கேட்டப்ப, வாசல்ல இருந்த அத்தனி பேரும் ஒரே வாயா அவங்க பேரையே சொன்னோம். வாயில ஒண்ணு, காகிதத்துல ஒண்ணு இருந்தா அப்பறம் ஏமாத்தனதுக்கு இன்னா அர்த்தம்? சங்கீதா அப்பவே நர்ஸ். படிச்சவதான். ரெண்டப் பொதச்சவளும் அவதான். "எழுதிக்குங்க"ன்னு அவளே சொன்னா.

சடையன் போன வருசம் போய் சேந்துட்டாரு. இப்ப அக்கா ஒருத்திதான். கோர்ட்ல நின்னு "இது என் புள்ள இல்ல, இவங்க புள்ள"ன்னு சொன்னா சான்று மாறும். சான்று மாறினா பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்தா விசா. இல்லன்னா நானும் யாழியும் இங்க, சங். அங்க. ரத்தம் எடுத்து நிரூபிக்கலாம், ஆனா எப்ப முடியும்னு வக்கீலம்மாவாலயே சொல்ல முடியல. சங். போயி ஒன்ற வருசம் ஆவுது. யாழி போன்லயே தலை பின்னிக் காட்டி, போன்லயே திட்டு வாங்கறா.

கைநாட்டு வெக்கற ஒரு பொம்பள வாயத் தொறந்தா கடலுக்கு அந்தாண்ட ஒரு கதவு தொறக்குது. நெனச்சா மலைப்பாதான் இருக்கு.

உரக்கடை பாக்கி வேற. யாழிக்கு காம்பஸ் டப்பா.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழ விட்டுச்சி. வண்டியில மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஆரம்பிச்சதும் குளிரு. பொறந்ததுலேர்ந்து இந்த மலைய வூட்டு வாசல்லேர்ந்தே பாக்கறேன், நீலமா ஒரு கோடு. உள்ள போனாதான் தெரியுது, அதுக்குள்ள எத்தினி மலை இருக்குதுன்னு. ஒரு வளைவுல வண்டிய நிறுத்திட்டு சும்மா நின்னேன். மேகம் காலுக்குக் கீழ போய்க்கினு இருந்துச்சி. ஒண்ணுக்குப் போக நின்னவன், அத மறந்துட்டேன்.

கரியாலூர் தாண்டி அக்கா வூடு. அக்கா மரவள்ளிக் கெழங்கு உரிச்சிக்கினு இருந்தா.

"வியாழக்கிழம கோர்ட்டுக்கு வரணும்க்கா. கார் வெக்கறேன்."

"வர்றேன் தம்பி. காரு இன்னாத்துக்கு, பஸ்ஸுதான் இருக்குதே."

"யாழினி எங்க புள்ளன்னு ஐயாகிட்ட சொல்லணும்."

கெழங்கு உரிச்ச கை நின்னுபோச்சி.

"அத சொல்ல மாட்டேன்."

"சும்மா ஒரு வார்த்தைக்கா."

"வேற எது வேணாலும் கேளு தம்பி. அத மட்டும் கேக்காத."

ஏன்னு கேட்டேன். மறுபடி கேட்டேன். எழுந்து உள்ள போயிட்டா. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சி. "எங்க புள்ளைய எங்ககிட்டேர்ந்து பிரிக்கப் பாக்கறியா"ன்னு கத்திட்டேன். பக்கத்து வூட்டு நாய் எழுந்து கொலைச்சுது. அக்கா ஒரு பை கெழங்கோட வெளிய வந்து வண்டியில மாட்டினா. கோவத்துலயும் அத வாங்கிக்கினுதான் வந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். கெழங்கு வெண்ணெயாட்டம் வெந்துச்சி, அதுவும் எரிச்சல்.

பதினோரு மணிக்கு சங். போன் பண்ணா. அங்க காலைல டூட்டிக்குக் கிளம்பற நேரம். எல்லாத்தையும் கொட்டினேன். அக்காவுக்குப் புள்ள மேல ஆச வந்துடுச்சி, இல்ல யாரோ ஏத்தி வுட்டிருக்காங்க, நாளைக்கு எதுனா எழுதிக் குடுன்னு கேப்பாங்கன்னு.

"இன்னாங்க பேசறீங்க? நான் குளிக்கக்கூட எழுந்திரிக்க முடியாம கெடந்தப்ப அவங்கதான் தண்ணி ஊத்துனாங்க. கத்தறதுக்கு முன்னாடி ஒக்காந்து கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நீங்க கேக்கறது எனக்குத் தெரியாதா. பொண்ணக் கூட்டிக்கினு இன்னொருவாட்டி போங்க."

இவ்ளோ தூரத்துலேர்ந்தும் கொட்டு வுழுது. யாழியப் பள்ளிக்கூடத்துலேர்ந்து பாதியில கூட்டியாந்து பின்னாடி ஏத்திக்கினு போனேன். வழி பூரா ஜெர்மன் பாடம். போன்ல கத்துக்கறா. நான் காலை வணக்கத்துக்கு "குட்டன் மார்கன்" சொன்னா சிரிக்கறா. மாட்டக் கூப்புடறாப்பல இருக்குதாம்.

அக்கா அவளப் பாத்ததும் "வா தவுடு"ன்னு மூஞ்சத் தொடச்சி வுட்டா. அப்பிடித்தான் கூப்புடுவா. இவ "மலையம்மா"ன்னு மேல வுழுந்து கட்டிக்கினா. கொஞ்ச நேரம் பொறுத்து, ஆட்டுக்குட்டி போட்டிருக்கு போயிப் பாருன்னு அவள அனுப்பிட்டு அக்கா எனக்கு எதிர்ல உக்காந்தா. சொன்னத அப்பிடியே எழுதறேன்.

"நீ மறந்துட்ட தம்பி. நான் மறக்கல. ஏமாத்தித்தான வெச்சிருக்கறோம் அத. யாரு கேட்டாலும் எனக்கு ஆறு புள்ளன்னுதான் சொல்றேன். ஓட்டுக்கு எழுத வர்றவன் கேட்டாலும் ஆறு. கோயில்ல ஆறு பேருக்கும்தான் சாமை அளந்து போடறேன். புள்ளைங்கப்பா சாவக் கெடந்தப்பகூட, 'வாய் தவறி அஞ்சுன்னு சொல்லிடாத'ன்னாரு. இப்ப நானே ஆள் கூட்டத்துல நின்னு இது அவங்க புள்ளன்னு சொன்னா, அது காதுல வுழுவாதா?"

நாங்க மூணாம் மாசமே எல்லாத்தையும் மறந்தாச்சி. ஆதார்ல எங்க பேரு, பள்ளிக்கூடத்துல எங்க பேரு, பொறந்தநாளுக்கு கேக் வெட்டி ஊருக்கே போட்டா அனுப்பினோம். எங்க புள்ளைக்குக் காவல் இருக்குதுன்னே தெரியாம நாங்க தூங்கியிருக்கோம். இந்தப் புருசனும் பொண்டாட்டியும் பதினோரு வருசமா ஒரு நாளும் கண் அசரல. நேத்து நான் கத்தினது யாருகிட்ட.

அதுல எனக்கு நம்பிக்கை இருக்குதா இல்லயா? தெரியல. அந்த எடத்துல அது ஒரு கேள்வியாவே தோணல.

அக்காவே பேசினா.

"அந்த ஊரு எம்மாந் தூரம்?"

"கடல் தாண்டிக்கா. அரை நாளுக்கு மேல பறக்கணும்."

"கடல் தாண்டி வருமா அது?"

வெளயாட்டா கேக்கல. பஸ் வருமான்னு கேக்கறாப்பல கேட்டா. நானும் யோசிச்சித்தான் சொன்னேன்.

"வராதுக்கா."

எழுந்து வெளிய யாழி நிக்கற பக்கம் எட்டிப் பாத்தா. அப்பறம், "சரி வர்றேன். புள்ள காதுல வுழக் கூடாது"ன்னா.

ஆகஸ்ட் 7, வியாழன்

க.குறிச்சி கோர்ட். புழுக்கம். அக்கா மொத பஸ் பிடிச்சி எனக்கு முன்னாடியே வந்து நிக்கறா. கல்யாணத்துக்குக் கட்டற பொடவை. யாழிய வெளிய வேப்ப மரத்துக்கிட்ட வக்கீலம்மாவோட ஜூனியர் பொண்ணுகூட உக்கார வெச்சேன்.

எங்கள கூப்பிடறப்ப பசி நேரம் ஆயிடுச்சி. அக்கா கூண்டுல ஏறினா. கை ரெண்டும் கட்டைய இறுக்கிப் பிடிச்சிருந்துச்சி.

"இந்தக் குழந்தை உங்களுக்குப் பொறந்ததா?"

அக்கா வாயத் தொறக்கல. ஐயா மறுபடி கேட்டாரு. வக்கீலம்மா என்னத் திரும்பிப் பாத்தாங்க.

"இல்லீங்க."

"யாருக்குப் பொறந்தது?"

என்னக் கையக் காட்டினா. "அவருக்கும் அவரு சம்சாரம் நர்ஸம்மாவுக்கும்."

"உங்களுக்கு அந்தக் குழந்தை மேல ஏதாவது உரிமை இருக்கா?"

"எனக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்லீங்க."

அவ்ளோதான். டைப் அடிக்கறவரு அடிச்சி முடிச்சாரு. அடுத்த கேஸு கூப்ட்டாங்க. வக்கீலம்மா நீட்டின காகிதத்துல கையெழுத்துப் போட்டேன்.

நான் வெளிய வர்றதுக்குள்ள அக்கா படி எறங்கிட்டா. யாழி "மலையம்மா"ன்னு ஓடிப் போனா. அக்கா நிக்கல. யாரோ ஊரான் வூட்டுப் புள்ள குறுக்க வந்தாப்பல ஒதுங்கி நடந்தா. இவ மறுபடி கூப்பிட்டா. திரும்பல. கோர்ட் கேட்டத் தாண்டிப் போயிட்டா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். வெள்ளிமலை பஸ்ல சன்னலோரம் உக்காந்திருந்தா. கண்ணு கலங்கி, ஆனா மூஞ்சி கல்லு.

"அக்கா, புள்ள அழுவுது."

"அழட்டும். சொல்லிட்டு ஒறவாடுனா சொன்னது பொய்யாயிடும். அப்பறம் அந்த ஐயா எழுதனதும் நிக்காது, அதுவும் ஏமாந்துட்டோம்னு வெறி புடிச்சி வரும். புள்ள கடல் தாண்டற வரைக்கும் எனக்கு அது யாரோ. நீயும் மலைக்கு வராத தம்பி."

பஸ் கிளம்பிடுச்சி. டிக்கெட்கூட நான் எடுத்துக் குடுக்கல.

ஆகஸ்ட் 8, வெள்ளி

யாழி சாப்பிடல. காலையில கேட்டா, "நான் இன்னா தப்பு பண்ணேன்?"

புள்ள காதுல வுழக் கூடாதுன்னு அக்கா சொன்னது கோர்ட்ல சொன்ன வார்த்தைய. மத்தத சொல்லலாம்னு நானே முடிவு பண்ணி மிச்சம் எல்லாத்தையும் சொன்னேன், தவுட்டுலேர்ந்து பஸ்ஸு வரைக்கும். குறுக்கப் பேசாம கேட்டா. கடைசில, "அப்ப நான் கூப்ட்டது தப்பு"ன்னா. இல்லம்மா, உனக்குத் தெரியாதுல்லன்னேன்.

ஒரு தோசை சாப்ட்டா.

ஜனவரி 10, சனி

பனி. நடுவுல ஒரு வரி எழுதல, அவ்ளோ ஓட்டம். கோர்ட் உத்தரவு, அதோட நகலு, புதுச் சான்று, யாழி பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை, மொழிபெயர்ப்பு, சென்னை ரெண்டு தடவ. விரல் வெக்கற மெஷின்ல என் ரேகை வுழல. கரும்பு சோகை அறுத்த கையில ரேகை எங்கேர்ந்து வரும். அந்தப் பொண்ணு தண்ணி தொட்டு, துணியில தொடச்சி, ஒவ்வொரு விரலா பொறுமையா எடுத்துச்சி. எவனோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்து என் கட்ட விரலப் பாக்கப்போறான்னு நெனச்சா ஒடம்பு சிலுத்துடுச்சி.

வியாழக்கிழமை விசா வந்துடுச்சி, ரெண்டு பேருக்கும். ஒரு பக்கம் பூரா ஒட்டியிருக்கு. யாழி அதத் தடவித் தடவிப் பாக்கறா. சங். போன்ல அழுதுக்கினே இருந்தா. பொங்கல் முடிஞ்சதும் பிளேன்.

இன்னிக்கு க.குறிச்சி. வாங்க வேண்டியது: பெரிய பெட்டி, ஸ்வெட்டர், மிளகாத்தூள், சங். கேட்ட கருவாடு (விடுவாங்களா?). பொங்கல் கூட்டம், நடக்க எடம் இல்ல. யாழிதான் மொதல்ல பாத்தா. பூக்கடை ஓரம் சாக்கு விரிச்சி, மஞ்சக் கொத்து வெச்சிக்கினு சின்னப்பொண்ணக்கா. எளைச்சிப் போயிருக்கா.

நான் நின்னுட்டேன். யாழி நிக்கல. என் கைய இழுத்துக்கினு நடந்தா. தல நிமிந்து, கண்ணு நேரா எதிர்க் கடை மேல. என் உள்ளங்கையில அவ நகம் அஞ்சும் பதிஞ்சிது. சாக்குக்கு ஒரு மொழம் தள்ளித் தாண்டினோம்.

அக்கா மஞ்சக் கொத்துக்குத் தண்ணி தெளிச்சிக்கினு இருந்தா. தலையத் தூக்கல. தெளிச்ச தண்ணி மட்டும் ஒரே கொத்து மேல வுழுந்துக்கினே இருந்துச்சி, நாங்க தாண்டற வரைக்கும்.

ரெண்டு பேரும் பாத்துக்கல. நான் ஒருத்தன்தான் திரும்பித் திரும்பிப் பாத்தேன்.